நாய் வாடை, பூனை வீச்சம், போகாத கறை: சென்னை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் நாயும் உண்டு, பூனையும் உண்டு. அது தெரிந்தவர்கள் லிஃப்டில் நிறுத்தியும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலது ஒரு வரியில் முடிகிற சமாச்சாரம். சிலதுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

தினமும் பினாயில் ஊற்றித்தான் துடைக்கிறோம். அப்புறமும் மூத்திர வீச்சம் ஏன் போகவில்லை?

பினாயில் கிருமியைக் கொல்லும், கொஞ்ச நேரம் மணக்கும். மூத்திரத்தை எடுக்காது. மூத்திரத்தில் இருக்கிற யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அமோனியா வருகிறது. மூக்கில் சுருக்கென்று ஏறுகிற காரம் அதுதான். கூடவே உப்பு, புரதம், மஞ்சள் நிறமி எல்லாம் தரையில் தங்கிவிடும். டைல்ஸுக்கு மேலே இருப்பதை மாப் எடுத்துவிடும். இரண்டு டைல்ஸுக்கு நடுவில் வெள்ளை சிமென்ட் பூசிய இணைப்புக்குள் இறங்கியதை எந்த மாப்பும் எடுக்காது. பினாயில் வாசனை மதியத்துக்குள் அடங்கியதும் பழைய குருடி கதவைத் திறடி.

இதில் மாப்பின் பங்கும் உண்டு. நாய் பெய்த இடத்தைத் துடைத்து, அதே பக்கெட்டில் முக்கி, ஹால் முழுக்க இழுத்தால் ஓரடி இடத்தில் இருந்தது வீடெங்கும் பரவும். மூத்திரத்துக்கென்று பழைய துணி தனியாக இருக்கட்டும். துடைத்ததும் தூக்கிப் போடுகிற துணியாக இருந்தால் ரொம்ப நல்லது. வேலைக்கு வருகிற அக்காவிடமும் சொல்லி வையுங்கள். அவர் வருவதற்குள் காய்ந்துபோன இடம் அவர் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை.

நம் மூக்குக்கு வாடை போனது போல இருந்தாலும் நாயின் மூக்குக்குப் போயிருக்காது. அந்த இடம் கக்கூஸ் என்றுதான் அதன் கணக்கு. திரும்பத் திரும்ப அதே மூலைக்குப் போவது திமிரால் இல்லை.

வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி பிறந்ததும் நாற்றம் எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் புதிதாக வரவில்லை. இடுக்கில் காய்ந்து கிடந்த உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரம் பட்டதும் பாக்டீரியாவுக்கு மறுபடி வேலை கிடைக்கிறது, வாடை மேலே எழும்புகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னைக் காற்று பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருக்கும். சாரலுக்கு பயந்து ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். கடற்கரை ஓரம், பெசன்ட் நகர் திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு வருஷம் முழுக்கவே இந்தத் தொல்லை கொஞ்சம் உண்டு.

ஆகவே, சுத்தம் செய்ய ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. அப்போது நாறாது என்பதால் யாரும் செய்வதில்லை.

கண்ணெதிரே பெய்துவிட்டது. முதல் வேலை என்ன?

ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். பழைய பனியன், துண்டு, செய்தித்தாள், எது கையில் கிடைக்கிறதோ அதை மேலே போட்டு, காலால் அழுத்தி நில்லுங்கள். துணி நனைந்தால் மாற்றுங்கள். ஈரம் வருவது நின்ற பிறகு பச்சைத் தண்ணீர் கொஞ்சம் விட்டு மறுபடி ஒற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், ஸ்டீம் கிளீனர் மெத்தை, சோபா பக்கமே போக வேண்டாம். சூட்டில் புரதம் நூலோடு பிடித்துக்கொள்ளும்.

குட்டி நாயின் மூக்கை மூத்திரத்தில் அழுத்தித் திட்டுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போய் பெய்வது.

வாடை வருகிறது, இடம் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

யூவி டார்ச் வாங்குங்கள். 365லிருந்து 395 நானோமீட்டர் வரை எதுவானாலும் வேலை நடக்கும், 365 கொஞ்சம் தெளிவாகக் காட்டும். ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுத் தரையை ஒட்டி டார்ச்சைப் பிடித்தால் காய்ந்த மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையில் ஒளிரும்.

முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஃபிரிட்ஜின் பின்கால், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், கேஸ் சிலிண்டரின் அடி வளையம், செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டு, திரைச்சீலையின் அடி மடிப்பு, கதவு நிலையின் அடிப்பாகம். ஆண் நாய் காலைத் தூக்கியிருந்தால் முழங்கால் உயரத்தில் ஒரு சிதறலும் அதிலிருந்து கீழே ஓடிய கோடும் தெரியும். பூனை பீய்ச்சியிருந்தால் கோடு சுவரில் செங்குத்தாக இறங்கி, கீழே ஸ்கர்ட்டிங் டைல்ஸின் மேல்விளிம்பில் தேங்கி நிற்கும். துடைக்கிறவர்கள் எல்லாரும் விடுகிற இடம் அந்த விளிம்புதான்.

சோப்புத் தூள் பட்ட இடமும் ஒளிரும். சந்தேகம் வந்தால் குனிந்து முகர்ந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஒளிர்ந்த இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள், காலையில் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

எங்கள் வீட்டில் மொசைக் தரை. பக்கத்து வீட்டில் மார்பிள். இரண்டுக்கும் ஒரே வைத்தியமா?

இல்லை. அவசரப்பட்டுத் தரையைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த விஷயத்தில்தான் நடக்கிறது.

விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரைக் குடிக்காது. பிரச்சினை எல்லாம் இணைப்பில்தான். ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்து இணைப்பில் பூசி, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, அதன் பிறகு என்சைம் கிளீனர் (வாடைக்குக் காரணமான பொருட்களை உடைக்கிற திரவம், விவரம் கீழே) ஊற்றுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தும் வாடை நின்றால் இணைப்பே ஊறிப் போயிருக்கிறது என்று அர்த்தம். டைல்ஸ் வேலை செய்பவரைக் கூப்பிட்டு அந்த நாலைந்து இணைப்பை மட்டும் சுரண்டி எடுத்து எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். எபாக்ஸி எதையும் உறிஞ்சாது. அரை நாள் வேலை. மாசக்கணக்கில் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவதைவிட லாபம்.

மொசைக் என்பது சிமென்ட்டில் மார்பிள் சில்லு பதித்த தரை. மாம்பலம், நங்கநல்லூர், அண்ணா நகர் பக்கம் பழைய ஃபிளாட்டுகளில் இன்னும் இருக்கிறது. பாலிஷ் போய்விட்ட மொசைக் மூத்திரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மெஷின் வைத்து மறுபடி பாலிஷ் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மார்பிளும் கடப்பாக் கல்லும் கோட்டா கல்லும் சுண்ணாம்பு வகை. வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் மேல்பரப்பு அரித்து, பளபளப்பு போய் வெள்ளைத் திட்டு விழும். மொசைக்கில் இருக்கிற மார்பிள் சில்லுக்கும் இதே கதிதான். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையும், ஆத்தங்குடிக் கல்லும் சிமென்ட் என்பதால் ஆசிட் ஆகாது. இவற்றுக்கெல்லாம் மிதமான சோப்புத் தண்ணீர், என்சைம் கிளீனர், அவ்வளவுதான்.

கிரானைட் பரவாயில்லை, வினிகரைத் தாங்கும். ஆனால் அங்கேயும் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் நடுவுக்கு வர வேண்டும்.

சென்னையில் இன்னொரு தலைவலி போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பிசுக்காகப் படியும். பிசுக்கின் மேல் அழுக்கும் வாடையும் ஒட்டும். கடைசி அலசலுக்காவது மெட்ரோ தண்ணீர் அரை பக்கெட் எடுத்து வையுங்கள். லாரித் தண்ணீரில் காலம் தள்ளுகிற அபார்ட்மெண்டில் ஹாலையே கழுவிவிட முடியாது என்பது தெரியும். பக்கெட் பக்கெட்டாக ஊற்றினால் மூத்திரம் பக்கத்து இணைப்புகளுக்கும் ஓடும் என்பதால் அப்படிக் கழுவ வேண்டியதும் இல்லை.

என்சைம் கிளீனர் என்கிறார்களே, காசுக்குத் தகுந்த பலன் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பயன்படுத்துகிற விதத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் என்சைமும், பல பாட்டில்களில் கூடவே இருக்கும் பாக்டீரியாவும், வாடைக்குக் காரணமான பொருட்களைச் சின்னதாக உடைத்துத் தின்றுவிடும். அதற்கு நேரம் வேண்டும், ஈரம் வேண்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஸ்பிரே அடிக்கிறோம், மேலே ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது, இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிடுகிறது. "ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று பாட்டிலைத் தூக்கி லாஃப்டில் போட்டுவிடுகிறோம்.

ஃபேனை நிறுத்துங்கள். மூத்திரம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்குமோ அவ்வளவு தூரம் இறங்குகிற மாதிரி தாராளமாக ஊற்றுங்கள். மேலே ஈரத்துணி போட்டு, அதன் மேல் பால் கவரையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ விரித்து வையுங்கள். புதுக் கறை என்றால் கால் மணி நேரம், பழைய கறை என்றால் ராத்திரி முழுக்க. பிறகு ஒற்றி எடுத்து, தானாகக் காய விடுங்கள். பழைய வீச்சத்துக்கு இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வரும். நடுவில் வாடை கொஞ்சம் கூடுவது போல இருந்தால் பயப்பட வேண்டாம், உலர்ந்து கிடந்தது நனைந்ததால் வருவது.

முன்பு பினாயிலோ பிளீச்சோ போட்ட இடமென்றால் முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். கிருமிநாசினி மிச்சம் இருந்தால் என்சைமும் பாக்டீரியாவும் செத்துப் போகும், உங்கள் காசும் போச்சு.

பழத்தோல் போட்டு வீட்டில் செய்கிற பயோ என்சைம் போதாதா?

மூன்று பங்கு எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல், ஒரு பங்கு வெல்லம், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாசம் ஊறல். மாடித் தோட்டக்காரர்கள் வீடு தவறாமல் ஒரு பாட்டில் இருக்கிறது. தினசரித் தரை துடைக்க நல்ல சரக்கு. ஆனால் அது புளித்த, அமிலத்தன்மையுள்ள திரவம். கடையில் விற்கும் என்சைம் கிளீனர் செய்கிற வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அமிலம் என்பதால் மார்பிளுக்கும் மொசைக்குக்கும் வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் பூனைக்கு ஆகாது என்பதால் பூனை இருக்கிற வீட்டில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பூனை மூத்திரம் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? அதற்கு ஏதாவது தனி மருந்து உண்டா?

பூனையின் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஆண் பூனையிடம், அதுவும் குடும்பக் கட்டுப்பாடு செய்யாத ஆணிடம், இது ரொம்ப அதிகம். வெளியே வந்த பிறகு இது மெல்ல உடைந்து கந்தகம் கலந்த பொருளாகிறது. அதனால்தான் பெய்தபோது லேசாக இருந்த வாடை மறுநாள் வீட்டைத் தூக்குகிறது.

கந்தக வாடைக்கு ஆக்சிஜன் ஏற்றுகிற மருந்து கேட்கும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி நாயின் மேல் கந்தக நீரைப் பீய்ச்சிவிடும். அதற்காக பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் 1993ல் ஒரு கலவையை வெளியிட்டார்: ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆப்பசோடா, கொஞ்சம் திரவ சோப்பு. பூனை மூத்திரத்துக்கும் அதே கலவை கைகொடுக்கிறது.

நம்மூர் மருந்துக் கடையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கலவைக்கு வேண்டியது 3 சதவீதப் பெராக்சைடு. இங்கே கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், சில பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும், அதுவும் 6 சதவீதம்தான். லேபிளைப் படித்துவிட்டு, 6 என்றால் சம அளவு தண்ணீர் சேருங்கள். அப்படி நீர்த்த கால் லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆப்பசோடா, அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலந்து உடனே ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு ஒற்றி எடுங்கள். மிச்சமானதை பாட்டிலில் மூடி வைக்கவே கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். பெராக்சைடு சாயத்தை வெளுக்கும், ஆகவே கலர் துணி, மரம் என்றால் மறைவான ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். என்சைம் கிளீனர் ஊற்றிய அன்றே இதையும் ஊற்ற வேண்டாம், என்சைமை இது கெடுத்துவிடும். பூனையை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள்.

பிளீச்சிங் பவுடர் தூவலாமா?

மூத்திரத்தின் மேல் வேண்டவே வேண்டாம். மூத்திரத்தில் இருக்கிற அமோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற விஷ வாயு வரும். கண் எரியும், இருமல் வரும், மூச்சுத் திணறும். பிளீச்சோடு பாத்ரூம் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு. வினிகர் சேர்ந்தாலும் அதேதான். சென்னை ஃபிளாட்டுகளில் பாத்ரூம் ஜன்னல் தபால் அட்டை அளவுதான் இருக்கும். அந்தக் காற்றோட்டத்தை நம்பி எதையும் எதோடும் கலக்காதீர்கள்.

பினாயில், டெட்டால் எல்லாம் பூனைக்கு ஆபத்தாமே, உண்மையா?

உண்மை. ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு ரொம்பக் குறைவு. கருப்புப் பினாயிலும் டெட்டாலும் அந்த வகை. தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், உடம்புக்குள் போய்விடும். எச்சில் வடிதல், தள்ளாட்டம், வாய்ப்புண் கண்டால் உடனே டாக்டர்.

பீரோவில் போடுகிற அந்துருண்டை நாய்க்கும் பூனைக்கும் விஷம். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ ஆயில் இதெல்லாம் "இயற்கை" என்ற பெயரில் வாடைக்குத் தெளிக்கப்படுகின்றன. இயற்கைதான், விஷமும்தான்.

சாம்பிராணி போட்டால் போகுமா?

போகாது. கொஞ்ச நேரம் மூத்திரமும் சாம்பிராணியும் சேர்ந்து மணக்கும். கிளி, லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்கள் அந்தப் புகையே காட்டாதீர்கள், பறவையின் நுரையீரல் தாங்காது.

மெத்தையில் பெய்துவிட்டது. தூக்கிப் போடுவதுதான் வழியா?

எந்த மெத்தை என்பதைப் பொறுத்தது.

இலவம்பஞ்சு மெத்தை என்றால் உறையைப் பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை மொட்டை மாடியில் இரண்டு நாள் உச்சி வெயிலில் உலர்த்தி, மெத்தைக் கடையில் கொடுத்துப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்து வாங்கலாம். பஞ்சைக் கழுவ முயன்றால் கட்டி தட்டிப் போகும். சென்னை வெயிலுக்கு ஒரு நல்ல உபயோகம் இதுதான்.

ஃபோம் மெத்தை ஸ்பாஞ்ச் மாதிரி உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளும். மேலே உள்ளங்கை அளவு கறை தெரிந்தால் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவு பரவியிருக்கும். என்சைம் கிளீனரும் அந்த அளவு இறங்க வேண்டும், பிறகு முழுக்கக் காய வேண்டும். காயவைப்பதுதான் கஷ்டம். நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, ஃபேன் வைத்து, மழைக்காலமென்றால் அந்த அறையில் ஏசியை டிரை மோடில் ஓட விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த ஃபோமில் பூஞ்சை பிடித்தால் இரண்டாவது நாற்றம் ஒன்று சேரும். தென்னை நார் மெத்தைக்கும் இதே நிலைமை. பல தடவை பெய்த மெத்தை என்றால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிப் போடுங்கள்.

கோரைப்பாய் கழுவி வெயிலில் போட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். புது மெத்தை வாங்கினால் அன்றைக்கே வாட்டர்ப்ரூஃப் உறையும் வாங்கிவிடுங்கள்.

சோபாவில் குஷன் உறை கழற்ற முடிந்தால் கழற்றி, உறையைத் தனியாக, ஃபோமைத் தனியாக. கழற்ற முடியாமல் ஆணியடித்த சோபா என்றால் அடியில் இருக்கும் கருப்புத் துணியைக் கொஞ்சம் பிரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டத்தின் பிளைவுட்டில் இறங்கியிருந்தால் மேலே எவ்வளவு செய்தும் பயனில்லை.

ஆண் பூனை சுவரில் பீய்ச்சுகிறது. எப்படி நிறுத்துவது?

அது கக்கூஸ் போகவில்லை, எல்லை போடுகிறது. குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்தால் பெரும்பாலான ஆண் பூனைகள் நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைக்கும். பழக்கம் ஊறிப் போவதற்கு முன், ஆறு மாத வயதை ஒட்டிச் செய்வது நல்லது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் வழக்கமான கிளினிக்கிலோ விசாரியுங்கள். அறுவைக்குப் பிறகும் ஹார்மோன் அடங்கச் சில வாரம் ஆகும். தெருப் பூனை ஜன்னலில் வந்து உட்கார்ந்தாலும் வீட்டுப் பூனை பீய்ச்சும். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துப் பாருங்கள்.

ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் பெய்கிறது. என்ன கோபம் அதற்கு?

கோபம் இல்லை. முதலில் டாக்டர். மூத்திரப் பாதைத் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, வயசு, இதில் ஏதாவது இருக்கலாம். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா என்று கவனித்துச் சொன்னால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்துக்கு பயந்து பெய்வது வேறு கணக்கு. அதற்குத் தேவை உள்ளறை, சாத்திய ஜன்னல், ஓடுகிற டிவி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண் பூனை மணலில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, மூத்திரம் வரவில்லை அல்லது சொட்டுதான் வருகிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. கறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

வாந்தி, ஆய், ரத்தக் கறைக்கு?

கெட்டியாக இருப்பதைப் பழைய கார்டு அட்டையால் வழித்து எடுத்துவிட்டு மீதியைத் துடையுங்கள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், பிறகு 3 சதவீதப் பெராக்சைடு. மஞ்சளாகப் பித்தம் கக்கிய இடத்துக்கு ஆப்பசோடா தூவி உறிஞ்ச விட்டுப் பெருக்குங்கள், பிறகு என்சைம். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. முக்கியமாக மழைக்காலத்தில், எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் நாய் நடந்து, குடித்து வரும். எலிக் காய்ச்சல் கிருமி அதன் மூத்திரம் வழியாக நமக்கும் வரலாம். அதற்கான தடுப்பூசி நாய்க்கு வருஷா வருஷம் போடப்படுகிறது, விட்டுவிடாதீர்கள்.

லிட்டர் பாக்ஸ் (பூனையின் மணல் பெட்டி) நாறுகிறது. ஆற்று மணலே போடலாமா?

போடலாம், பல வீடுகளில் கட்டட மணல்தான். அது கட்டி பிடிக்காது, மூத்திரம் அடியில் தேங்கி நிற்கும். ஆகவே அடிக்கடி முழுக்கக் கொட்டி மாற்ற வேண்டும். பென்டோனைட் என்கிற களிமண் வகை மணல் கட்டியாகப் பிடிப்பதால் அள்ளிப் போட்டால் போதும். தினமும் இரண்டு வேளை அள்ளுங்கள். பூனை எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதலாகப் பெட்டி இருப்பது நல்லது. பிளாஸ்டிக் பெட்டியில் நகக்கீறல் விழுந்து விழுந்து வாடை உள்ளே இறங்கிவிடும், வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கட்டி பிடிக்கும் மணலை டாய்லெட்டில் கொட்டினால் உள்ளே ஊதி அடைக்கும், பிளம்பருக்குத் தண்டச் செலவு.

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பூனையைத் துரத்திவிடச் சொல்கிறார்கள். தேவையில்லை. கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் ஆயோடு வெளிவந்தவுடனே தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். தினமும் பெட்டியைச் சுத்தம் செய்தால் போதும். அந்த வேலையை வீட்டுக்காரர் செய்யட்டும்.

தரை எல்லாம் சுத்தம். ஆனாலும் வீட்டில் நாய் வாடை அடிக்கிறது?

அப்படியென்றால் நாயிடமிருந்து வருகிறது. காதை மடித்து முகர்ந்து பாருங்கள். சென்னைப் புழுக்கத்தில், தொங்கு காது நாய்களுக்கு ஈஸ்ட் பிடித்து, புளித்த மாவு வாடை வரும். விரல் இடுக்கு, கழுத்துப் பட்டை, வாய், வாலடியில் இருக்கும் சுரப்பி, எல்லாம் பாருங்கள். மீன் கவிச்சி போல வந்தால் அந்தச் சுரப்பிதான். தினமும் குளிப்பாட்டுவது தீர்வாகாது, தோல் வறண்டு போகும். குளித்த பிறகு அடிமயிர் வரை உலர்த்துவதுதான் முக்கியம். அது படுக்கிற துணியை வாரம் ஒரு முறை துவையுங்கள். துணி மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம்.

முயல், கிளி?

முயல் மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வெள்ளையாகப் படியும். தட்டில் வினிகர் ஊற்றி ஊறவிட்டால் கரையும். பறவை எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டக் கூடாது. தண்ணீர் தெளித்து, ஊறிய பிறகு துடையுங்கள், தூள் மூச்சில் போகாது. பால்கனிப் புறா எச்சத்துக்கும் இதேதான்.

லிஃப்டில் நாய் பெய்துவிட்டது. அசோசியேஷன் சண்டைக்கு வருகிறது?

நாய் வளர்க்கக் கூடாது என்றோ, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ அசோசியேஷன் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, லிஃப்டைத் துடைத்துவிட்டு வருவது சீக்கிரம் வேலையை முடிக்கும். வாக்கிங் போகும்போது பையில் பழைய துணி, தண்ணீர் பாட்டில், ஆயை அள்ளக் காகிதம் இருக்கட்டும். பார்க்கிங் தூணில் பெய்தால் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். வாட்ச்மேன் அண்ணன் உங்கள் பக்கம் இருந்தால் அசோசியேஷன் பாதி அடங்கிவிடும்.

வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். அட்வான்ஸில் பிடிப்பார்களா?

பிடிக்கத்தான் பார்ப்பார்கள். பெரிய தொகை என்பதால் ஒரு மாசம் முன்பே தொடங்குங்கள். டார்ச் அடித்து இடங்களைக் குறியுங்கள். தரைக்கு மேலே சொன்னபடி செய்யுங்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவர் மூத்திரத்தைக் குடித்திருக்கும். கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு ஆயில் பிரைமர் ஒரு கோட், அதன் மேல் பெயிண்ட். பிரைமர் இல்லாமல் பெயிண்ட் அடித்தால் மழைக்காலத்தில் வாடை மேலே வந்துவிடும். கதவு நிலையின் அடிமரம் கருத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, காயவைத்து, வார்னிஷ் அடியுங்கள்.

நீங்கள் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கேயே இருந்து உங்கள் மூக்கு பழகிவிட்டது. ஜன்னலை எல்லாம் சாத்தி ஒரு நாள் முழுக்கப் பூட்டி வையுங்கள். மறுநாள், வீட்டில் எந்தப் பிராணியும் வளர்க்காத நண்பர் ஒருவரை உங்களுக்கு முன்னால் உள்ளே போகச் சொல்லுங்கள். அவர் எந்த மூலையில் மூக்கைச் சுளிக்கிறாரோ அங்கே இன்னும் ஒரு தடவை என்சைம் ஊற்ற வேண்டும்.